ஒரே ஒலி, வேறு சொல்: ஆங்கிலத்தின் ஒலி ஒத்த சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிப்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சொற்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அதனால் ஒலி ஒத்த சொற்கள் எழுத்திலும் ஒன்றுபோலவே தெரியும். எந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைப் பொருளைச் சொல்லியும், வேண்டிய இடத்தில் ஸ்பெல்லிங்கை எழுத்தெழுத்தாகச் சொல்லியும் காட்டுகிறேன்.

ஹோமோஃபோன், ஹோமோனிம், ஹோமோகிராஃப் மூன்றும் ஒன்றா?

இல்லை. ஹோமோஃபோன் என்றால் ஒலி ஒன்று, பொருள் வேறு. ஸ்பெல்லிங் பெரும்பாலும் வேறாக இருக்கும். இரவைக் குறிக்கும் நைட்டும் குதிரை வீரனைக் குறிக்கும் நைட்டும் அப்படிப்பட்டவை. ஹோமோகிராஃப் இதற்கு நேர்மாறு: எழுதினால் ஒன்று, படிக்கும்போது வேறாகலாம். ஈயத்தைக் குறிக்கும் 'லெட்', வழிநடத்துவதைக் குறிக்கும் 'லீட்' இரண்டுக்கும் எல்-இ-ஏ-டி என்ற ஒரே ஸ்பெல்லிங்தான். ஒலி, ஸ்பெல்லிங் இரண்டுமே ஒன்றாக இருந்து பொருள் மட்டும் வேறானால் ஹோமோனிம். மரப்பட்டையைக் குறிக்கும் பார்க், நாய் குரைப்பதைக் குறிக்கும் பார்க் போல. முதலாவது ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. இரண்டாவது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இந்தப் பெயர்களை எல்லா நூல்களும் ஒரே மாதிரி கையாள்வதில்லை. பெயரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், சொற்கள்தான் முக்கியம்.

ஒலி ஒன்றுதான் என்றால் ஸ்பெல்லிங் ஏன் இப்படி வேறுபடுகிறது?

பல சொற்களில் ஒலியும் ஒரு காலத்தில் வேறாக இருந்தது என்பதுதான் காரணம். குதிரை வீரனைக் குறிக்கும் நைட் பழைய ஆங்கிலத்தில் 'க்னிஹ்ட்'. தொடக்கத்தில் அதற்குச் சிறுவன், பணியாள் என்றுதான் பொருள்; பிறகுதான் அரசனுக்குப் பணிசெய்யும் போர்வீரன் ஆனான். இரவு 'நிஹ்ட்'. முன்னதில் 'க்' தெளிவாக ஒலித்தது. இரண்டிலும் நடுவில் தொண்டையை உரசி வரும் ஓர் ஒலி இருந்தது. இன்று ஜி-எச் என்று எழுதிவிட்டு உச்சரிக்காமல் விடுகிறோமே, அது அந்த ஒலியின் தடம். காலப்போக்கில் தொண்டை ஒலி தேய்ந்தது. 17ஆம் நூற்றாண்டை ஒட்டிச் சொல் முதலில் வந்த 'க்' ஒலியும் போனது. இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கின. உறவு மொழியான ஜெர்மனில் பணியாள் இன்றும் 'க்னெஃக்ட்', இரவு 'நாஃக்ட்'. அங்கே குழப்பமே வரவில்லை.

பேச்சு மாறியபோது எழுத்து ஏன் கூடவே மாறவில்லை? வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தார். அச்சுத் தொழில் பரவப் பரவ ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நிலைக்கு வந்தது. ஆனால் உச்சரிப்பு அதற்குப் பிறகும் வேகமாக மாறிக்கொண்டே போனது. இன்று நாம் எழுதும் ஆங்கிலம் பெருமளவு அந்தப் பழைய உச்சரிப்பின் பதிவு.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வால், வாள், வாழ் மூன்றையும் பேச்சில் ஒன்றுபோல் ஒலிப்பவர்கள் பலர். மரம், மறம் இரண்டின் ஒலியும் இன்று பலர் வாயில் ஒன்றுதான். எழுத்து மட்டும் பழைய வேறுபாட்டை விடாமல் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் நடந்ததும் இதுவே, இன்னும் பெரிய அளவில். ஆங்கில ஸ்பெல்லிங் அர்த்தமில்லாதது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

'ரைட்' என்ற ஒலியில் எத்தனை சொற்கள்?

பொதுவாக நான்கு, நான்கும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சரி, வலது, உரிமை என்ற பொருள்களில் வரும் ரைட், பழைய ஆங்கிலத்தில் 'ரிஹ்ட்'. நேரானது என்பது அதன் அடிப்படைப் பொருள். லத்தீனில் நேரான என்று பொருள்படும் 'ரெக்டுஸ்' இதற்குத் தூரத்து உறவு. எழுதுவதைக் குறிக்கும் ரைட், டபிள்யூவில் தொடங்குவது, பழைய 'வ்ரீட்டன்'. அதன் முதற்பொருள் கீறுதல். மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் எழுத்தைக் கீறிய காலத்தின் சொல் அது. சடங்கைக் குறிக்கும் ரைட் லத்தீனின் 'ரீட்டுஸ்'.

நான்காவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கைவினைஞர் என்று பொருள்படும் ரைட், டபிள்யூ-ஆர்-ஐ-ஜி-எச்-டி. பழைய வடிவம் 'வ்யுர்ஹ்ட்டா', செய்பவர் என்று பொருள். வேலையைக் குறிக்கும் 'வொர்க்' என்ற சொல்லோடு பிறந்தது. தனியாக இன்று அதிகம் வராது. கப்பல் கட்டுபவரைக் குறிக்கும் ஷிப்ரைட், நாடக ஆசிரியரைக் குறிக்கும் ப்ளேரைட் போன்ற கூட்டுச் சொற்களில் வாழ்கிறது. நாடகத்தை எழுதுபவர்தானே என்று நினைத்துப் பலர் ப்ளேரைட்டின் கடைசிப் பகுதியை எழுதுவதற்கான ரைட்டாக எழுதிவிடுகிறார்கள். சொல் சொல்வது வேறு: கப்பலைச் செய்பவர் போல இவர் நாடகத்தைச் செய்பவர்.

சந்திப்பும் இறைச்சியும் எப்படி 'மீட்' ஆயின?

ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. மொழியியலாளர்கள் இதைப் பேருயிர்ப் பெயர்ச்சி என்கிறார்கள். அதற்கு முன் சந்திப்புக்கான மீட் கிட்டத்தட்ட 'மேட்' என்று ஒலித்தது. இறைச்சிக்கான மீட்டில் வாய் இன்னும் அகலமாகத் திறக்கும் ஏகாரம். இரண்டும் வேறு ஒலிகள் என்பதால்தான் ஒன்றுக்கு இரட்டை இ, மற்றதற்கு இ-ஏ என்று எழுதும் வழக்கம் வந்தது. பிறகு முதலாவது 'ஈ' ஆனது; இரண்டாவது மெல்ல ஏறி வந்து அதனோடு சேர்ந்துகொண்டது. கடலைக் குறிக்கும் ஸீ, பார்ப்பதைக் குறிக்கும் ஸீ கதையும் இதேதான்.

இ-ஏ என்று எழுதும் சில சொற்கள் மட்டும் இந்த ஓட்டத்தில் சேராமல் நின்றுவிட்டன: கிரேட், பிரேக், ஸ்டேக். இவற்றை மட்டும் 'ஏ' போட்டுச் சொல்வது ஏன் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது.

மகன், சூரியன் இரண்டுமே 'ஸன்'. மகனுக்கு மட்டும் ஏன் ஓ?

மகன் பழைய ஆங்கிலத்தில் 'ஸுனு', சூரியன் 'ஸுன்னெ'. இரண்டிலும் உகரம்தான். இடைக்காலக் கையெழுத்தில் யூ, என், எம், வி எல்லாம் ஒரே மாதிரியான சிறு செங்குத்துக் கோடுகளாக இருந்தன. யூவுக்குப் பக்கத்தில் என் வந்தால் நான்கு கோடுகள் வரிசையாக நிற்கும். எது எந்த எழுத்து என்று பிரித்துப் படிப்பது கஷ்டம். எனவே படியெடுத்தவர்கள் யூவுக்குப் பதில் ஓ எழுதினார்கள். கம், லவ், மங்க் போன்ற சொற்களில் ஓ எழுதி அகரமாகப் படிப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள்.

ஒலி ஒத்த சொற்கள் எல்லாமே வேறு வேரிலிருந்து வந்தவையா?

இல்லை. பூவைக் குறிக்கும் ஃப்ளவரும் மாவைக் குறிக்கும் ஃப்ளவரும் ஒரே சொல். அரைத்த தானியத்தின் மிகச் சிறந்த பகுதியை அதன் பூ என்று பிரெஞ்சில் அழைத்தார்கள். அந்த வழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்தது. நீண்ட காலம் இரண்டுக்கும் ஸ்பெல்லிங் கலந்தே வந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி கூட இரண்டையும் தனித்தனிச் சொல்லாகப் பிரிக்கவில்லை.

எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரி, நகராமல் நிற்பதைக் குறிக்கும் ஸ்டேஷனரி இரண்டும் இப்படித்தான். இடைக்காலத்தில் புத்தக வியாபாரிகளில் ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்தவருக்கு லத்தீனில் 'ஸ்டாட்டியோனாரியுஸ்' என்று பெயர். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களை ஒட்டியே கடை இருக்கும். நிலையாக நின்றவரின் பெயரே அவர் விற்ற பொருளுக்கும் ஆனது. எழுதுபொருளுக்கு இ-ஆர்-ஒய், நிலைத்து நிற்பதற்கு ஏ-ஆர்-ஒய். பேக்கர் விற்பது பேக்கரியில் என்பது போல ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி என்று நினைத்துக்கொண்டால் இ-ஆர் தானாக வந்துவிடும்.

உலோகத்தைக் குறிக்கும் மெட்டல், மன உறுதியைக் குறிக்கும் மெட்டல் இரண்டும் ஒன்றிலிருந்து பிரிந்தவை. 'கூட' என்ற பொருளில் வரும் டூ, திசையைக் காட்டும் டூவின் அழுத்தமான வடிவம்தான்.

எண்ணைக் குறிக்கும் 'டூ'வில் டபிள்யூ எதற்கு?

பழைய ஆங்கிலத்தில் அது 'ட்வா'. டபிள்யூ ஒலித்தது, பிறகு மறைந்தது. ஆனால் குடும்பத்தில் மற்றவர்களிடம் இன்றும் ஒலிக்கிறது: ட்வின், ட்வெல்வ், ட்வெண்ட்டி, பிட்வீன். எல்லாவற்றிலும் இரண்டு என்ற கருத்து இருக்கிறது.

'தேர்' மூன்றையும் ஏன் இவ்வளவு பேர் மாற்றி எழுதுகிறார்கள்?

விரைவாக எழுதும்போது கை காதின் பேச்சைக் கேட்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் அடிக்கடி தவறுகிறார்கள். அங்கே என்பதற்கான தேர் ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொல். ஹியர், வேர் என்ற இடச் சொற்களோடு ஸ்பெல்லிங்கில் ஒட்டி நிற்கும்; மூன்றின் கடைசியிலும் இ-ஆர்-இ. அவர்களுடைய என்பதற்கான தேர் வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியவர்கள் தே, தெம், தேர் ஆகிய மூன்றையும் கொண்டுவந்தார்கள். தங்கள் சுட்டுப்பெயரையே ஒரு மொழி பிறரிடம் கடன் வாங்குவது அபூர்வம். மூன்றாவது தேர், 'தே ஆர்' என்பதன் சுருக்கம். அதை விரித்துப் படித்தும் வாக்கியம் நின்றால் சுருக்கக்குறி போடலாம், நிற்காவிட்டால் கூடாது.

ஒரே ஒலியில் நேர் எதிரான பொருள் வருமா?

வரும். ஒரு கட்டடத்தை எழுப்புவதும் ரேஸ், அதைத் தரைமட்டமாக்குவதும் ரேஸ். ஆர்-ஏ-ஐ-எஸ்-இ ஸ்காண்டிநேவியச் சொல். ஆர்-ஏ-இசட்-இ சுரண்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். முகம் மழிக்கும் ரேஸர் அதே குடும்பம். காதால் மட்டும் கேட்டால் கட்டடம் எழுந்ததா விழுந்ததா என்று தெரியாது.

இதைவிட எனக்குப் பிடித்தது 'லெட்'. அனுமதிப்பது என்ற பொருள் எல்லாருக்கும் தெரியும். தடுப்பது என்ற பொருளில் இன்னொரு லெட் இருந்தது. தாமதத்தைக் குறிக்கும் லேட் என்ற சொல்லுக்கு அது உறவு. ஒலி ஒன்றான பிறகு, அனுமதி, தடை இரண்டையும் ஒரே ஒலி சுமக்க முடியவில்லை. தடுக்கும் லெட் வழக்கொழிந்தது. ஆனால் முற்றிலும் சாகவில்லை. டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையில் பட்டு உரிய கட்டத்துக்குள் விழுந்தால் லெட் என்கிறார்களே, அது தடைப்பட்டது என்ற பழைய பொருள்தான். பாஸ்போர்ட்டின் முன்பக்கத்தில் இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்லவிடும்படி கேட்கும் வாசகம் இருக்கும். இந்திய, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்களில் அந்தத் தடைக்கு லெட் என்ற சொல்லே நிற்கிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களிலும் இது உண்டா?

உண்டு, மிக அழகாக உண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் பிரெஞ்சு அல்லது இத்தாலிய வழியாக வந்த சொல். பெட்டி என்பதே அதன் முதற்பொருள். பணப்பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆனது. அகராதியில் அதற்கு அடுத்தே இன்னொரு கேஷ் இருக்கும். அது நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சென்னையில் 80 கேஷ் ஒரு பணம் என்பது கணக்கு. சீனாவின் துளையிட்ட செப்புக் காசுகளையும் ஆங்கிலேயர் இதே பெயரால் அழைத்தார்கள். காசிலிருந்துதான் ரொக்கத்துக்கான கேஷ் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இரண்டு சொற்களும் பிறந்த இடம் வேறு. ஆங்கிலத்தில்தான் ஒன்றையொன்று சந்தித்தன.

கறியிலிருந்து வந்த கறி எல்லாருக்கும் தெரியும். குதிரையின் உடலைத் தேய்த்துச் சுத்தம் செய்வதையும் தோலைப் பதப்படுத்துவதையும் குறிக்கும் இன்னொரு கறி பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒருவரைக் காக்காய் பிடிப்பதை ஆங்கிலத்தில் 'கறி ஃபேவர்' என்கிறார்களே, அது இந்தக் குதிரைக் கறி. பழைய பிரெஞ்சுக் கதை ஒன்றில் ஃபோவெல் என்றொரு குதிரை. அதைத் தடவிக்கொடுத்துக் காரியம் சாதிப்பவர்களைக் குறித்த தொடரில், குதிரையின் பெயர் காதில் மாறி விழுந்து ஃபேவர் ஆகிவிட்டது.

வெற்றிலை மலையாளக் கரையில் போர்ச்சுகீசியரிடம் போய் ஆங்கிலத்தில் 'பீட்டில்' ஆனது. வண்டைக் குறிக்கும் பீட்டிலும் அதே ஒலி. வண்டின் பெயருக்கு மூலம் கடிப்பது என்ற பழைய ஆங்கிலச் சொல்.

'கர்னல்' என்ற ராணுவப் பதவியில் ஆர் ஒலிக்கும் இடத்தில் ஏன் எல் போட்டு எழுதுகிறார்கள்?

இத்தாலிய 'கொலொன்னெல்லோ'வில் எல் உண்டு. படை அணியின் தலைவர் என்ற பொருள். பிரெஞ்சில் ஒரு எல், ஆர் ஆகி 'கொரொனெல்' ஆனது. ஆங்கிலம் முதலில் இந்த ஆர் வடிவத்தை எடுத்துக்கொண்டது, பின்பு இத்தாலிய ஸ்பெல்லிங்குக்குத் திரும்பியது, உச்சரிப்பை மட்டும் மாற்றவில்லை. பருப்பைக் குறிக்கும் கர்னல், தானியத்தைக் குறிக்கும் கார்ன் என்ற சொல்லின் குறுமை வடிவம். இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

ஒலி ஒத்த சொற்கள் எல்லா நாட்டவருக்கும் ஒன்றுதானா?

இல்லை, பட்டியல் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தென் இங்கிலாந்தில் நீதிமன்றத்துக்கான கோர்ட்டும், பிடித்தான் என்பதற்கான காட்டும் ஒரே ஒலி. ஆர் ஒலிக்கும் அமெரிக்கர்களுக்கு வேறு. கனடாவிலும் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் கட்டிலுக்கான காட், பிடித்தான் என்ற காட் இரண்டும் ஒன்று, லண்டனில் அப்படியில்லை. எது என்பதற்கான விச், சூனியக்காரிக்கான விச் இரண்டையும் ஸ்காட்லாந்தில் இன்றும் பிரித்துச் சொல்பவர்கள் உண்டு.

தமிழ் பேசுபவர்கள் ஆங்கிலம் பேசும்போது புதிதாகச் சில இரட்டைகள் உருவாகின்றன. விலைக்கான ப்ரைஸில் 'ஸ்', பரிசுக்கான ப்ரைஸில் அதிரும் 'இசட்'; நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். திராட்சைக் கொடியும் திராட்சை மதுவும் நம் வாயில் ஒரே வைன். முதலாவதுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இரண்டாவதுக்கு உதடுகள் குவிய வேண்டும், பல் படவே கூடாது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தால் உடனே பிடிபடும்.

இத்தனை ஒலி ஒப்புமை மொழிக்குக் கெடுதல் இல்லையா?

அப்படி நினைத்தவர்கள் உண்டு. பிரிட்டனின் அரசவைக் கவிஞராக இருந்த ராபர்ட் பிரிட்ஜஸ் 1919இல் இதைப் பற்றியே எழுதினார். ஒலி ஒத்த சொற்கள் தொல்லை என்பதும், நல்ல சொற்கள் அதனால் வழக்கிழக்கின்றன என்பதும் அவருடைய கவலை. லெட் பட்டபாட்டைப் பார்த்தால் அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பெரும்பாலான நேரம் வாக்கியமே வழிகாட்டிவிடும். இதைத் தொல்காப்பியம் ஒரே போடாகச் சொல்லிவிட்டது. பல பொருள் ஒரு சொல்லை அது இரண்டாகப் பிரிக்கிறது: வினையால் வேறுபட்டுத் தெரிவன, அப்படித் தெரியாதன. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றால் இன்னொரு சொல் உதவிக்கு வர வேண்டும். ஆங்கிலத்துக்கும் இது அப்படியே பொருந்தும். பேங்க் கடன் கொடுத்தது என்றால் வங்கி, பேங்கில் நாணல் வளர்ந்தது என்றால் ஆற்றங்கரை. பேங்க் சரிந்தது என்றால் முன்னே பின்னே பார்த்தால்தான் தெரியும்.

கணினியின் ஸ்பெல்லிங் சோதனை இதைப் பிடிக்காதா?

சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை பிடிக்காது. தவறான இடத்தில் நிற்பதும் சரியான சொல்தானே. வாக்கியத்தைப் பார்க்கும் புதிய கருவிகள் நிறையப் பிடிக்கும். மரபுத்தொடரில் அவையும் சில நேரம் கோட்டைவிடும். 'ஃப்ரீ ரெய்ன்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுதந்திரம் தருவது என்று பொருள். ஆட்சியைக் குறிக்கும் ஆர்-இ-ஐ-ஜி-என் போட்டு எழுதுபவர்கள் ஏராளம், பொருளும் ஓரளவு ஒத்துவருவதால் தவறு கண்ணில் படாது. உண்மையில் அது குதிரையின் கடிவாள வார், ஆர்-இ-ஐ-என். வாரைத் தளர்த்திக் குதிரையை அதன் போக்கில் விடுவதுதான் படம்.

மழைக்கான ரெய்னையும் சேர்த்தால் மூன்று ரெய்ன்கள்; இவற்றில் இன்னொரு விசேஷம். மழைக்கான ரெய்ன் பழைய ஆங்கிலத்தில் 'ரெக்ன்'; அதில் ஜி இருந்தது, ஒலியோடு எழுத்தும் போய்விட்டது. ஆட்சிக்கான ரெய்ன் லத்தீன் 'ரெக்னும்'. ஒலி போனாலும் எழுத்தை அது இன்றும் வைத்திருக்கிறது.

மறக்காமல் இருக்க என்ன செய்வது?

இரட்டைகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எது எது என்ற குழப்பமே மனதில் பதிகிறது. ஒரு சொல்லை முதலில் அதன் சொந்தக்காரர்களோடு சேர்த்து நன்றாகப் படியுங்கள். கேட்பதற்கான ஹியருக்குள் காது, அதாவது இயர் முழுசாக இருக்கிறது. பார்வைக்கான சைட் வெப்சைட் என்பதோடு சேராது. ஐசைட் என்பதோடு சேரும். இடத்துக்கான சைட் சிச்சுவேஷன் குடும்பம், மேற்கோளுக்கான சைட் சைட்டேஷன் குடும்பம். அது உறுதியான பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டு சொற்களுக்கு மூலம் ஒன்றா வேறா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல அகராதியைத் திறந்தாலே போதும். மூலம் வேறென்றால் ஒரே ஸ்பெல்லிங் உள்ள சொற்களுக்கும் தனித்தனித் தலைப்பு கொடுத்து, பக்கத்தில் சிறிய எண் போட்டிருப்பார்கள். மூலம் ஒன்றென்றால் ஒரே தலைப்பின் கீழ் பொருள்கள் வரிசையாக வரும். மட்டையைக் குறிக்கும் பேட்டுக்கும் வௌவாலைக் குறிக்கும் பேட்டுக்கும் தனித் தலைப்புகள் இருக்கும். வௌவாலின் பழைய பெயர் 'பக்கெ'. பிறகுதான் பேட் ஆனது. பேங்க் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தலைப்புகள் தனித்தனியாக இருந்தாலும், பணம் மாற்றுபவரின் மேசையைக் குறித்த இத்தாலியச் சொல்லும் கரையைக் குறித்த ஸ்காண்டிநேவியச் சொல்லும் இன்னும் பின்னால் போனால் ஒரே ஜெர்மானிய வேரில் சேர்கின்றன. உட்காரும் பெஞ்சும் அதே வேர்தான்.